வான்கோழி திரும்பிய காடுகள்

பெயரை மட்டும் நம்பி ஒரு பறவையின் பிறந்த ஊரைத் தேடிப் போனால் எவ்வளவு தொலைவு வழிதவறலாம் என்பதற்கு வான்கோழி நல்ல சான்று. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கி நாட்டின் பெயரை இட்டனர். துருக்கியரோ அதை 'ஹிந்தி' என்கின்றனர். இந்தியாவிலிருந்து வந்தது என்பது பொருள். பிரெஞ்சுச் சொல்லுக்கும் பொருள் அதுவே. போர்ச்சுகீசியர் 'பெரு' என்றனர். டச்சுக்காரர் ஊரையே குறிப்பிட்டுச் சொன்னார்கள்: 'கல்கூன்', அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி. அந்த டச்சுச் சொல்லே இலங்கைக்குக் கப்பலேறி வந்து சிங்களத்தில் 'களுகுமா' ஆயிற்று. கள்ளிக்கோட்டையைக் கண்டிராத பறவை, அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவைச் சுற்றி நம் அண்டையில் வந்து இறங்கியது.

உண்மையில் அது வட அமெரிக்கப் பறவை. உலகில் இரண்டே இனங்கள், இரண்டும் அங்கேதான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த பின்னரே மற்றக் கண்டங்கள் அதை அறிந்தன. கோவாவிலிருந்து வந்த ஒரு வான்கோழியைக் கண்டு வியந்த பேரரசர் ஜஹாங்கீர், 1612இல் அதன் தோற்றத்தைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியதோடு, ஓவியர் மன்சூரைக் கொண்டு வரையவும் செய்தார். ஔவையார் பெயரில் வழங்கும் மூதுரையில் மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயலும் வான்கோழியை நாம் பள்ளிப் பருவம் முதல் அறிவோம். அந்நூல் 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது என்று கொள்வோமானால், அதில் வரும் பறவை இந்த அமெரிக்கப் பறவையாக இருக்க வழியில்லை. பழைய பெயர் ஒன்று புதிதாக வந்த பறவையின்மேல் ஏறிக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் பேசவிருப்பது கூண்டில் வளரும் வான்கோழியைப் பற்றியன்று. அதன் காட்டு உறவினரைப் பற்றியும், அதை வேட்டையாடுவோர் விரும்பிச் செல்லும் நிலங்களைப் பற்றியும். அமெரிக்க வேட்டைக்காரரிடம் அந்நிலங்களைக் கேட்டால் பட்டியல் உடனே வரும். கிழக்குக் காடுகளில் ஒரு வகை. புளோரிடாத் தீபகற்பத்தில் ஒசியோலா என்னும் வகை. டெக்சாஸ் சமவெளிகளில் ரியோ கிராண்டே வகை. மேற்கு மலைகளின் பைன் காடுகளில் மெரியம் வகை. இந்நான்கையும் வீழ்த்தியவரை அவர்கள் தனியாக மதிப்பர். மெக்சிகோ எல்லை மலைகளின் கூல்ட் வகையும், யுகாத்தான் காடுகளின் கண்புள்ளி வான்கோழியும் சேர்ந்தால் மதிப்பு மேலும் உயரும். சுற்றுலாக் கையேடுகளில் இந்தப் பட்டியல் இயற்கையின் கொடைபோல எழுதப்பட்டிருக்கும்: இங்கே பறவை மிகுதி, ஆகவே இங்கே வேட்டை சிறப்பு என்று. வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. இன்று புகழ்பெற்ற வான்கோழி நிலங்களில் ஒரு பகுதி, மனிதர் எட்ட முடியாமையால் பறவை பிழைத்துக் கிடந்த இடங்கள். மறுபகுதி, மனிதர் அழித்துவிட்டுப் பின் தம் கையாலேயே பறவையைச் சுமந்து கொண்டுபோய் விட்ட இடங்கள். மனிதக் கை படாமல் தானாகச் செழித்த நிலம் என்று அப்பட்டியலில் எதையும் காண்பது அரிது.

குரலால் ஆடும் வேட்டை

இந்த வேட்டையில் நிலத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதை அறிய, அது நடக்கும் முறையைச் சிறிது அறிய வேண்டும். காட்டு வான்கோழி இரவில் மரத்தில் அடையும். வசந்த காலத்தில் விடியுமுன் சேவல் மரக்கிளையில் இருந்தபடியே தொண்டையை உருட்டி முழங்கும். பெட்டைகள் அம்முழக்கத்தைக் கேட்டு அதனிடம் செல்லும், இதுவே இயற்கை. வேட்டைக்காரர் செய்வது இதற்கு நேர்மாறு. அடிமரத்தில் சாய்ந்து அசையாமல் அமர்ந்து, பெட்டையின் குரலைப் போலச் செய்து, சேவலைத் தம்மிடம் வரவழைக்க முயல்கிறார். பழக்கி வளர்த்த விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தைக் கவர்ந்து பிடிக்கும் முறை நம் சங்க நூல்களில் உண்டு. அவ்வாறு பழக்கிய உயிரைப் 'பார்வை' என்பர். இங்கே கண்ணுக்குக் காட்டும் பார்வை இரண்டாம் இடத்தது, குரலே முதன்மை.

அக்குரலை எழுப்பும் கருவிகளும் பல. வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி உறிஞ்சி ஒலி எழுப்பும் முறை தொல்குடிகளிடமிருந்து வந்தது. மூடியைப் பெட்டியின் விளிம்பில் தேய்த்து ஒலி எழுப்பும் மரப்பெட்டிக்கு ஆர்கன்சா மாநிலத்து ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்றார். கருவி எதுவாயினும் பறவையின் கண் மிகக் கூர்மையானது. சிறு அசைவையும் கண்டுகொள்ளும். ஆகவே ஓடை எங்கே வளைகிறது, எந்த மரத்தில் அடைகிறது, எந்த மேட்டில் இறங்கித் தோகை விரிக்கும் என்று நிலத்தை அறிந்தவருக்கே வேட்டை. ஒரே காட்டுக்கு ஆண்டுதோறும் திரும்பிச் செல்லும் பற்று இதனால்தான் வளர்கிறது.

காடு வெறுமையான காலம்

அந்தப் பற்று பறவையைக் காக்கவில்லை. ஐரோப்பியர் குடியேறியபோது கிழக்குக் காடுகளில் நிறைந்திருந்த பறவை, காடு வயலாக வயலாகப் பின்வாங்கியது. ஆண்டு முழுவதும், சேவல் பெட்டை என்று பாராமல், மரத்தில் அடைந்திருக்கும்போதே சுட்டு வீழ்த்தி நகரச் சந்தைகளுக்கு அனுப்பினர். கனெக்டிகட்டில் 1813 அளவில் அது இல்லாமற் போயிற்று. வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களிலிருந்து 1840களில் மறைந்தது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கடைசிப் பறவை 1851இல் டாம் மலையில் கொல்லப்பட்டது. நன்றி நவிலும் நாளுக்கு வான்கோழியை அடையாளமாக்கிய நியூ இங்கிலாந்திலேயே, அந்நாளின் விருந்துக்குக் கூண்டுப் பறவையைத் தவிர வேறில்லை என்ற நிலை வந்தது. அந்தக் கூண்டுப் பறவையும் மெக்சிகோவில் பழக்கப்பட்டு, ஸ்பெயினுக்குப் போய், இங்கிலாந்து வழியாக மறுபடி கடல் கடந்து வந்த மரபினது.

1920 அளவில், முன்பு வான்கோழி வாழ்ந்த 39 மாநிலங்களில் 18இல் ஒன்றுகூட இல்லை. சந்தைக்காக நடந்த கொலையை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் ஓரளவு தடுத்தது. ஆனால் அழிவு துப்பாக்கியால் மட்டும் வந்ததன்று. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளுக்குள் அப்பலாச்சிய மலைகளின் செஸ்ட்நட் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. காட்டு உயிர்களுக்கு இலையுதிர் காலத்தில் சோறிட்ட மரம் அது. 1930களில் நாடு முழுவதும் எஞ்சியிருந்த காட்டு வான்கோழிகள் 2 லட்சத்துக்கும் குறைவு.

சதுப்பு காத்த பறவை

எஞ்சியவை எங்கே இருந்தன? பெரும்பாலும் தெற்கில். அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா மாநிலங்களின் ஆற்றோரச் சதுப்புக் காடுகள் ஏர் பூட்டவும் மரம் இழுக்கவும் எளிதில் இடந்தராதவை. வெள்ளம் வந்து போகும் அந்நிலங்களை உழவர் விட்டுவைத்தனர், பறவை பற்றிக்கொண்டது. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகருக்கு வடக்கே உள்ள பிரான்சிஸ் மரியன் தேசியக் காடு அத்தகைய ஒன்று. அமெரிக்க விடுதலைப் போரில் சதுப்புக்குள் மறைந்திருந்து பிரித்தானியப் படையை அலைக்கழித்த தளபதியின் பெயர் அதற்கு. தப்பியோடிய அடிமைகள் பலருக்கும் தெற்கின் சதுப்புகள் புகலாயின. துரத்தப்பட்டோர்க்கெல்லாம் இடங்கொடுத்த நிலத்தில் வான்கோழியும் ஒன்றி வாழ்ந்தது.

வேட்டை மரபு அறுபடாமல் தொடர்ந்ததும் இங்கேதான். வடக்கில் தாத்தாவின் கதையில் மட்டும் இருந்த பறவை, இங்கே ஒவ்வொரு மார்ச் மாதமும் விடியலில் முழங்கிக்கொண்டிருந்தது. ஆகவே வான்கோழி வேட்டை பற்றிய நல்ல நூல்கள் பலவும் தெற்கிலிருந்தே வந்தன. தென் கரோலினாவின் ஹென்றி எட்வர்ட்ஸ் டேவிஸ் 1949இல் வெளியிட்ட அமெரிக்கக் காட்டு வான்கோழி பற்றிய நூலும், அலபாமாவின் டாம் கெல்லி 1973இல் எழுதிய 'பத்தாம் படையணி'யும் அங்கே வேட்டை இலக்கியத்தின் செவ்வியல் படைப்புகளாக மதிக்கப்படுகின்றன. இன்றும் அலபாமாவின் ஆற்றுப்படுகைகள் வேட்டைக்காரரின் பட்டியலில் முதல் வரிசையில் நிற்பதற்குப் பறவையின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. பலமுறை சுடப்பட்டும் பிழைத்த தலைமுறைகளின் எச்சரிக்கை அங்குள்ள சேவலிடம் மிகுதி என்பது அவர்களின் நம்பிக்கை. எளிதில் வராத பறவையைத்தான் அவர்கள் பெரிதாகப் பேசுவர்.

கூண்டில் செய்ய முடியாதது

தெற்கில் பிழைத்ததை மற்ற இடங்களுக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த விடை தவறானது. கூண்டில் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டில் விட்டால் போதும் என்று மாநில அரசுகள் எண்ணின. பல பத்தாண்டுகள் ஆயிரக்கணக்கான பண்ணைப் பறவைகளை விட்டுப் பார்த்தன. பறவைகள் செத்தன, அல்லது பண்ணை வீடுகளின் வாசலில் வந்து தீனிக்கு நின்றன.

காரணத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். மிசோரி மாநிலத்தின் ஓசார்க் மேட்டுநிலத்தில் காட்டு வான்கோழியையும் கலப்பினத்தையும் ஒப்பிட்டு 1944இல் அவர் வெளியிட்ட ஆய்வு, காட்டுத்தன்மை என்பது மரபில் வருவது என்று காட்டியது. தாய் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் காட்டுக் குஞ்சு தரையோடு ஒட்டி உறைந்துவிடும். கலப்பினக் குஞ்சுகளிடம் அவ்வொழுக்கம் குலைந்திருந்தது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை பேதைமை என்ற மூத்தோர் அறிவு, அங்கே உயிரியல் உண்மையாக நின்றது.

அப்படியானால் காட்டுப் பறவையையே உயிரோடு பிடித்து இடம் மாற்ற வேண்டும். அத்தனை கூர்ந்த கண்ணுடைய பறவையைப் பிடிப்பது யார்? விடை ஒரு கருவியாக வந்தது. நீர்ப்பறவைகளைப் பிடிக்க 1940களின் இறுதியில் உருவாக்கிய பீரங்கி வலையை, 1951இல் பிரான்சிஸ் மரியன் காட்டில் ஹெர்மன் ஹோல்புரூக் என்ற உயிரியலாளர் வான்கோழிக்குப் பயன்படுத்திக் காட்டினார். சோளம் தூவிய இடத்தில் வலையைச் சுருட்டி மறைத்துவைத்து, கூட்டம் தலைகுனிந்து மேயும்போது வெடிமருந்தால் வலையை அதன்மேல் வீசும் முறை அது. பறவையைக் கொல்லப் பயன்பட்ட வெடிமருந்தே அதைக் காக்கவும் உதவியது.

இந்த மீட்சியின் பாடநூல் எனத் தக்கது மிசோரி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓசார்க் பைன் காடுகளை மரக் கம்பெனிகள் மொட்டையடித்தன. கிராண்டின் என்னும் ஊரில் நாட்டின் மிகப் பெரிய மர ஆலைகளுள் ஒன்று இயங்கியது. காடு போன பின் மேட்டுநிலத்தைத் தீயிட்டு மேய்ச்சலாக்கினர். 1937இல் வான்கோழி வேட்டையை மாநிலம் முற்றிலும் நிறுத்தியது. 1952இல் கணக்கெடுத்தபோது 14 மாவட்டங்களில் ஏறத்தாழ 2,500 பறவைகளே இருந்தன. 1954 முதல் கேனி மலைப் புகலிடத்தில் எஞ்சிய பறவைகளைப் பிடித்து, மரம் மீண்டும் தழைத்த இடங்களில் விடத் தொடங்கினர். 1960இல் வேட்டை திறந்தது: 14 மாவட்டங்கள், மூன்றே நாள், வீழ்ந்தவை 94 சேவல்கள். 2004 வசந்தத்தில் அதே மாநிலத்தில் வீழ்ந்தவை 60,000க்கும் மேல். இடையில் மிசோரி தன் பறவைகளை அண்டை மாநிலங்களுக்குக் கொடுத்தது. கென்டக்கிக்கு வான்கோழி அனுப்பி ஈடாக ஆற்று நீர்நாய் பெற்றது. நீர்நாயை இழந்த ஆறுகளும் இப்படியே உயிர் பெற்றன.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், நீள்துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான கலால் வரியை வனவுயிர் மீட்புக்கென ஒதுக்கியது. அவ்வரி இன்று 11 விழுக்காடு. ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரு பங்கு காட்டுக்குத் திரும்பியது. 1973இல் தொடங்கிய தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு, மாநிலங்களுக்கிடையே இப்பரிமாற்றத்துக்குத் துணை நின்றது. இடம் மாற்றப்பட்டவை ஏறத்தாழ 2 லட்சம் பறவைகள். அவ்வாண்டில் சுமார் 13 லட்சமாக இருந்த தொகை, 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 60 லட்சத்தையும் தாண்டியது. இன்று அலாஸ்கா தவிர்த்த 49 மாநிலங்களிலும் வான்கோழி வேட்டை உண்டு.

வடக்கின் கதை இதைவிட வியப்பானது. கைவிடப்பட்ட நியூ இங்கிலாந்து வயல்கள் மறுபடி காடாகிக் காத்திருந்தன. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு மூலையான பெர்க்‌ஷயர் குன்றுகளில், 1972–73இல் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்த 37 பறவைகளை விட்டனர். இன்று அம்மாநிலத்தில் 30,000க்கும் மேற்பட்டவை உள்ளன. பாஸ்டனை ஒட்டிய புறநகர்த் தெருக்களில் அவை வண்டிகளை மறித்து நிற்கின்றன. தம் உருவத்தைக் காரின் கதவில் கண்டு அதனோடு சண்டையிடுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இல்லாதிருந்த பறவையைக் குறித்து நகராட்சிக்கு இப்போது புகார் மனுக்கள் போகின்றன.

பெயரும் நிலமும்

மீட்சிக் கதையை இவ்வளவில் முடித்தால் அது மனநிறைவு தரும் கதையாக இருக்கும். புளோரிடாவும் கருங்குன்றுகளும் அதற்கு இடந்தருவதில்லை.

புளோரிடாத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது ஒசியோலா வகை. சைப்ரஸ் சதுப்புக்கும் குட்டைப் பனைப் புதர்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் இடையே வாழ்வது. நிறம் கருத்தது, கால்முள் நீண்டது. நான்கு வகைகளையும் தேடுவோர் கட்டாயம் வந்தாக வேண்டிய இடம் என்பதால் இங்கே வேட்டைக் கட்டணமும் மிகுதி. 1890இல் இவ்வகையை விவரித்த ஸ்காட் என்ற பறவையியலாளர், செமினோல் மக்களின் போர்த்தலைவரான ஒசியோலாவின் பெயரை அதற்கு இட்டார். தம் மண்ணை விட்டு மேற்கே போக மறுத்துப் போரிட்ட ஒசியோலா, 1837இல் வெள்ளைக்கொடியின் கீழ்ப் பேச்சுக்கு வந்தபோது பிடிக்கப்பட்டார். 1838 சனவரியில் தென் கரோலினாவின் மோல்ட்ரி கோட்டையில் கைதியாகவே இறந்தார். அவர் மக்களில் பெரும்பாலோரைத் துரத்திவிட்ட நிலத்தில், அவர் பெயரைத் தாங்கிய பறவை உலகின் மதிப்புமிக்க வேட்டைப்பொருள்களுள் ஒன்றாகியது. இன்று அந்தப் பறவையின் நிலமும் வீட்டுமனைகளாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

தெற்கு டகோட்டாவின் கருங்குன்றுகள் மெரியம் வகை வேட்டைக்குப் பேர்போனவை. பொன்டரோசா பைன் மரங்களும் புல்வெளிகளும் மாறிமாறி வரும் அழகிய நிலம். வாலின் நுனியில் வெண்மை மின்னும் சேவல். ஆனால் அங்கே வான்கோழி பழங்காலந்தொட்டு வாழ்ந்ததன்று. 1948 முதல் 1951 வரை நியூ மெக்சிகோவிலிருந்தும் கொலராடோவிலிருந்தும் கொண்டுவந்து விட்ட ஒரு சில பறவைகளின் வழிவந்தவையே அத்தனையும். லக்கோட்டா மக்களுக்கு அக்குன்றுகள் 'பஹா சாபா' என்னும் புனித நிலம். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதை அவர்களுக்கே உரியதென்றது. 1874இல் பொன் கண்டறியப்பட்டது. 1877இல் நிலம் பறிக்கப்பட்டது. இழப்பீடு தரவேண்டும் என 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், பணம் வேண்டா, குன்றுகளே வேண்டும் என்று லக்கோட்டா மக்கள் அதைப் பெற மறுத்துவருகின்றனர். பறவையைக் கொண்டுவந்து குடியமர்த்த முடிந்த நாட்டுக்கு, மனிதரிடம் நிலத்தைத் திருப்பித் தருவது கடினமாக இருக்கிறது.

டெக்சாஸின் நிலை வேறு. அங்கே நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியாருக்கு உரியது. எட்வர்ட்ஸ் மேட்டுநிலத்தின் ஓடைக்கரைப் பெக்கான் மரங்களிலும் ஓக் மரங்களிலும் குளிர்காலத்தில் ரியோ கிராண்டே வகைப் பறவைகள் பெருங்கூட்டமாக வந்து அடையும். அவ்வடைமரங்களைக் காத்தால் வேட்டைக் குத்தகையில் வருமானம் என்பதைப் பண்ணையார்கள் கண்டுகொண்டனர். பறவைக்கு அதனால் நன்மையே. ஆயினும் பணமில்லாத வேட்டைக்காரருக்கு அக்கதவு திறப்பதில்லை. தெற்கின் ஏழை உழவர் ஒருகாலத்தில் தம் கொல்லைக்குப் பின்னே செய்த வேட்டை, இங்கே முன்பதிவு செய்து வரும் விருந்தினருக்கு உரியதாகியது.

கொல்லாத நெருக்கம்

தெற்கே போகப் போக மனிதருக்கும் இப்பறவைக்கும் உள்ள உறவு பழமையாகிறது. சியரா மாத்ரே மலைத்தொடரில் வாழும் கூல்ட் வகை, எல்லைக்கு வடக்கே அரிசோனாவில் சுரங்கத் தொழிலாளரும் படைவீரரும் சுட்டுத் தீர்த்த பின் மறைந்தது. 1980களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து ஹுவாச்சுகா மலைகளில் மறுபடி விட்டனர். பகைமையும் வேலியும் பேசப்படும் அந்த எல்லையைப் பறவை அன்று அரசுகளின் இசைவோடு கடந்தது. யுகாத்தான் தீபகற்பத்தின் காம்பேச்சே காடுகளிலும் குவாத்தமாலாவின் பெத்தேன் காடுகளிலும் வாழ்வது இரண்டாம் இனமான கண்புள்ளி வான்கோழி. நீலத்தலையும், வாலில் மயில்தோகையை நினைவூட்டும் கண்களும் உடையது. மயிலைப் போல ஆட முயன்று தோற்றது என்று நாம் எள்ளும் பறவைக்கு, மயிலுக்கு நிகரான ஓர் உறவினர் மாயர் நாட்டில் உண்டு. காடு சுருங்கச் சுருங்க அதுவும் அருகிவருகிறது.

இவ்வுறவின் வேறொரு வடிவத்தை இன்றைய அமெரிக்கத் தென்மேற்கின் பியூப்லோ மூதாதையர் நமக்கு விட்டுச்சென்றனர். மெக்சிகோவில் நடந்ததற்குத் தொடர்பின்றி, அவர்கள் தனியே வான்கோழியைப் பழக்கி வளர்த்தனர். நெடுங்காலம் அதை உணவுக்காக அன்றி இறகுக்காகவே போற்றினர். ஏறத்தாழ 800 ஆண்டுப் பழமையான ஒரு போர்வையை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரை, அதற்குச் சுமார் 11,500 இறகுகள் தேவைப்பட்டன என்று கணக்கிட்டது. இறகு உதிரும் பருவத்தில், உயிருள்ள பறவையிடமிருந்து ஆண்டுதோறும் வலியின்றி எடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பறவையைக் கொல்லாமலே அதனிடமிருந்து குளிருக்குப் போர்வை பெற்ற வாழ்வு அது.

மீண்டும் ஒரு குறைவு

எழுபது ஆண்டுக் கால மீட்சி நிலைத்துவிட்டதா என்றால், இல்லை. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் தெற்கு மாநிலங்கள் பலவற்றிலும் மிசோரியிலும் பறவைகள் குறைந்துவருகின்றன. பெட்டையொன்றுக்குப் பிழைக்கும் குஞ்சுகள் குறைவு என்பது ஆண்டுக் கணக்கெடுப்புகளில் தெரிகிறது. தரையில் கூடுகட்டும் பறவைக்கு வேண்டிய புல்லும் புதரும் அடர் தோட்டக்காடுகளில் இல்லை. முட்டை தின்னும் விலங்குகள் பெருகிவிட்டன. பெட்டைகள் கருவுறுமுன் வலிய சேவல்களை வேட்டைக்காரர் வீழ்த்திவிடுவதும் காரணமா என ஆராய்கின்றனர். ஒற்றை விடை இல்லை.

அலபாமா 2022இல், ஒருவர் ஓர் ஆண்டில் வீழ்த்தக்கூடிய சேவல்களை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தது; வேட்டையின் முதல் பத்து நாள்களுக்குப் பொம்மைப் பறவை வைத்துக் கவர்வதைத் தடைசெய்தது. ஜார்ஜியா அதே ஆண்டில் மூன்றை இரண்டாக்கி, வேட்டை தொடங்கும் நாளையும் தள்ளிவைத்தது. பறவை அறுபடாமல் வாழ்ந்த தெற்கே இன்று கட்டுப்பாடு விதிக்க வேண்டிய நிலைக்கு வந்திருப்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. முன்பு அழிந்த வடக்குக்குக் கொடுக்க அங்கே பறவை இருந்தது. இனித் தெற்கும் குறைந்தால் கொடுப்பதற்கு எந்தச் சதுப்பு மிஞ்சும்?

ஒரு நிலத்தை விரும்புவது எளிது. 19ஆம் நூற்றாண்டின் வேட்டைக்காரரும் தம் காட்டை விரும்பியவர்களே. ஆனாலும் அது வெறுமையாயிற்று. 20ஆம் நூற்றாண்டினர் அதே விருப்பத்துக்கு ஒரு விலை கொடுத்தனர்: வேட்டையை ஆண்டுக்கணக்கில் நிறுத்தினர், வரி கட்டினர், தம் காட்டின் பறவையைப் பிடித்து அயலாருக்கு அனுப்பினர். வான்கோழி திரும்பியதற்கு நாம் காணும் காரணம் இந்த வேறுபாடே. அடுத்த தலைமுறையின் விருப்பம் இவ்விரண்டில் எவ்வகையானது என்பதை, அலபாமாவின் ஆற்றுப்படுகைகளில் இனிவரும் வசந்தங்களின் விடியல்கள் சொல்லும்.